ஓராண்டு மாணவர்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் தொழில்முறை அழைப்பும்

(நீண்ட பதிவு. விளையாட்டில் ஆர்வமில்லாத நண்பர்களும் வாசிக்கலாம். இதில் ஆட்டத்தைவிடச் சட்டமும் சொல்லும் மிகுதி.)

1965ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய பாலி பெவிலியன் அரங்கில் முதல் கூடைப்பந்தாட்டம் நடந்தது. மோதிய இரண்டு அணிகளும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஒன்று 1964, 1965 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்ற முதன்மை அணி. மற்றொன்று, அவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்களின் அணி. 75க்கு 60 என்ற கணக்கில் முதலாமாண்டு மாணவர்கள் வென்றனர். அவர்களுள் 18 வயதான லூ ஆல்சிண்டர் மட்டும் 31 புள்ளிகள் எடுத்தார். இவரே பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர்.

நாட்டின் தலைசிறந்த அணியைத் தோற்கடித்த அந்த இளைஞர்களால் அவ்வாண்டின் தேசியப் போட்டியில் கால்வைக்க இயலவில்லை. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி முதலாமாண்டு மாணவர்களை முதன்மை அணியில் சேர்க்க இடந்தரவில்லை. அவர்களுக்கெனத் தனி அணி, தனி ஆட்டங்கள். முதல் ஆண்டு படிப்பில் காலூன்றுவதற்கானது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். போர்க்காலங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது மட்டும் இவ்விதி தளர்ந்தது. 1944இல் யூட்டா பல்கலைக்கழகம் பட்டம் வென்றபோது போட்டியின் சிறந்த வீரராகத் தேர்வுபெற்ற ஆர்னி ஃபெரின் முதலாமாண்டு மாணவர். அந்தப் பெருமை இன்னொரு முதலாமாண்டு மாணவருக்குக் கிடைக்க 42 ஆண்டுகள் ஆயின. லூயிவில் பல்கலைக்கழகத்தின் பெர்விஸ் எலிசன் அதனை 1986இல் பெற்றார்.

ஆக, இன்று நாம் காணும் முதலாமாண்டு நட்சத்திரம் என்ற உருவம் கல்லூரிக் கூடைப்பந்தோடு கூடப் பிறந்ததன்று. விதிகளால் தடுக்கப்பட்டிருந்து, விதிகளாலேயே உருவாக்கப்பட்டது. 'இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை, ஓராண்டிலேயே பணத்தைத் தேடி ஓடிவிடுகிறார்கள்' என்று ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் எழும் புலம்பலை, இந்த விதிகளின் வரலாற்றோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். மொழியியல் படித்தவளுக்கு இந்தச் சபலத்தைத் தவிர்ப்பது கடினம்.

'ஸ்டூடன்ட் அத்லீட்' என்ற தொடர் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இன்று மூச்சுக்கு மூச்சு ஒலிக்கிறது. அது இயல்பாகப் பேச்சில் விளைந்த சொல்லன்று. 1950களில் என்.சி.ஏ.ஏ. அலுவலகத்தில், சட்டத் தேவைக்காகச் செய்யப்பட்டது. 1953இல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம், காயமுற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரை டென்வர் பல்கலைக்கழகத்தின் பணியாளராகக் கருதி, அவருக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என்றது. 1955இல் அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியில் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு ஒரு மாணவர் இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கோரினார். விளையாடுபவர் தொழிலாளர் என்று ஆகிவிட்டால் கல்லூரிகள் என்ன ஆகும் என்ற அச்சம் பரவியது. அப்போது என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸ் இத்தொடரை வகுத்து எல்லா விதிகளிலும் புகுத்தச் செய்தார். 1957இல் அந்த மனைவியின் வழக்கு தோற்றது. பையர்ஸ் 1995இல் எழுதிய நினைவு நூலில், இத்தொடர் எதற்காக உருவானது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தாம் கட்டிய அமைப்பையே அந்நூலில் கடுமையாகச் சாடினார்.

இத்தொடரைத் தமிழிலக்கணக் கண்ணால் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 'மாணவ வீரர்' என்பது உம்மைத்தொகையா, இருபெயரொட்டுப் பண்புத்தொகையா? உம்மைத்தொகை என்றால் மாணவரும் வீரரும் எனச் சமனான இரண்டு. ஆனால் உயர்திணை உம்மைத்தொகை பலர்பாலில் முடிய வேண்டும் என்பது நன்னூல் வழி. இங்கு இருப்பதோ ஒரே ஆள். எனவே இருபெயரொட்டு. அவ்வாறாயின் சாரைப்பாம்பில் 'பாம்பு' போல, பின்னிற்கும் 'வீரர்'தான் தலைச்சொல். 'மாணவர்' அதற்கு அடை. பையர்ஸ் முன்னே நிறுத்தி அழுத்தம் தர விரும்பிய சொல் இலக்கணத்தில் அடையாகிவிட்டது. ஆங்கிலத் தொகைச்சொற்களின் அமைப்பும் பெரும்பாலும் இதுவே. நடைமுறையும் இவ்விலக்கணத்தையே பின்பற்றியது என்பதைப் பின்னர் காண்போம்.

இனி மறுபக்கம். கல்லூரி ஒரு வாயிலை அடைத்து வைத்திருந்தபோது, தொழில்முறைக் கூட்டமைப்பான என்.பி.ஏ. மற்றொரு வாயிலை அடைத்து வைத்திருந்தது. பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் கழியும்வரை எவரையும் அணிகள் சேர்க்கக் கூடாது என்பது அதன் விதி. கல்லூரியில் படித்தாலும் படிக்காவிட்டாலும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கேன்சஸ் பல்கலைக்கழகத்தை 1958இல் மூன்றாம் ஆண்டோடு விட்டு வெளியேறிய வில்ட் சேம்பர்லெய்ன், எஞ்சிய ஓராண்டை ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் காட்சியாட்டக் குழுவில் கழித்த பிறகே என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார். கல்லூரிகள் ஊதியமின்றி வீரர்களை வளர்த்துத் தந்தன, என்.பி.ஏ. அவர்களை நான்காண்டு தொடாமல் இருந்து கைம்மாறு செய்தது. இரு தரப்புக்கும் ஆதாயம். ஆடுபவரை யாரும் கேட்கவில்லை.

இதனை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தின் சில்வர் சிட்டி என்ற சிற்றூரில், பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பருத்தி பறித்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வெல்லத் துணைநின்றபோது அவருக்கு வயது 19. ஓராண்டு இளநிலைக் கல்லூரியிலும் ஓராண்டு டெட்ராய்ட் பல்கலைக்கழகத்திலும் ஆடிவிட்டு, என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக எழுந்திருந்த ஏ.பி.ஏ.வின் டென்வர் ராக்கெட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகமும் அவரே, அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரரும் அவரே. 1970 இறுதியில் என்.பி.ஏ.வின் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. நான்காண்டு நிறைவடையவில்லை என்று கூட்டமைப்பு தடுத்தது. ஹேவுட் நீதிமன்றம் சென்றார்.

வழக்கு நடந்த மாதங்களில் அவர் களமிறங்கும்போது, சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் அரங்கில் இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதை அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1971 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவருக்குச் சாதகமான இடைக்கால ஆணையை மீண்டும் உயிர்ப்பித்தார். வழக்கு மையங்கொண்டது ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில். போட்டியாளர்களான அணிகள் ஒன்றுகூடி, இன்னாரை வேலைக்கு எடுப்பதில்லை என்று தமக்குள் உடன்படுவது ஒரு கூட்டுப் புறக்கணிப்பு. விளையாட்டு என்பதால் அதற்கு விலக்கில்லை. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் கீழமை நீதிபதி வாரன் ஃபெர்குசன். அவருடைய தீர்ப்பு இன்றும் வாசிக்கத்தக்கது.

தோற்ற என்.பி.ஏ. செய்த மாற்றத்திலும் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. கல்லூரியை முடிக்காமல் வர விரும்புவோர் 'ஹார்ட்ஷிப்', அதாவது குடும்ப இடர்ப்பாடு, உடையவர் என்று காட்டினால் அனுமதி என 1971இல் விதி செய்தது. உழைத்து ஊதியம் பெறுவதற்கு முன், தான் ஏழை என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1976இல் இந்நிபந்தனை நீங்கியது. அதன்பின் விண்ணப்பம் ஒன்றே போதும்.

இதற்கிடையில் 1972இல் கல்லூரிகளின் வாயிலும் திறந்தது. அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் முதலாமாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. முடிவுசெய்தது. தனி அணிகளைப் பேணும் செலவு இம்முடிவுக்குப் பெரிய காரணம். மாணவர் காலூன்றுவதற்கு ஓராண்டு வேண்டும் என்ற பழைய அக்கறை, வரவுசெலவுக் கணக்கின் முன் வெகு விரைவாகக் கரைந்தது. 1974இல் மோசஸ் மலோன் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் சேர ஒப்பிவிட்டு, வகுப்புத் தொடங்குமுன் ஏ.பி.ஏ.வின் யூட்டா அணிக்குச் சென்றார். 1975இல் டேரில் டாக்கின்ஸும் பில் வில்லோபியும் பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ.வுக்குத் தேர்வாயினர். அதன்பின் இருபது ஆண்டுகள் அவ்வழியில் எவரும் செல்லவில்லை.

இந்த இருபது ஆண்டுகள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. ஏனெனில் தடை ஏதும் இல்லாத காலம் அது. ஆயினும் இளைஞர்கள் கல்லூரியில் தங்கினர். 1982 மார்ச் 29 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதியாட்டத்தில் வட கரோலைனா அணிக்காக வெற்றிப் பந்தை எய்த மைக்கேல் ஜோர்டான் முதலாமாண்டு மாணவர். 63க்கு 62 எனத் தோற்ற ஜார்ஜ்டவுன் அணியின் நடுநாயகம் பேட்ரிக் யூயிங்கும் முதலாமாண்டு மாணவரே. ஜோர்டான் மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்தார். யூயிங் நான்காண்டும் முடித்தார். இவ்விருவரையும் எடுத்துக்காட்டி, அக்காலத்தவருக்குக் கல்விமேல் பற்று இருந்தது என்று பேசுவோர் உண்டு. இருந்திருக்கலாம். ஆனால் 1984–85 பருவத்தில் என்.பி.ஏ. விதித்த ஊதிய உச்சவரம்பின்படி ஓர் அணி முழுவதற்கும் 36 லட்சம் டாலர்தான். பத்தே ஆண்டுகள் கழித்து, 1994இல், தேர்வில் முதலிடம் பெற்ற கிளென் ராபின்சன் என்ற ஒரே புதுமுகம் பெற்ற ஒப்பந்தம் பத்தாண்டுக்கு 6.8 கோடி டாலர். பற்றை அளப்பதற்கு முன் இழுவிசையை அளக்க வேண்டாமா?

இடையே 1991–92இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் கடக்க முடியாது. கிறிஸ் வெபர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹாவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன் என முதலாமாண்டு மாணவர் ஐவரே தொடக்க ஐவராக ஆடி, தேசிய இறுதியாட்டம்வரை சென்றனர். 'ஃபேப் ஃபைவ்' என்று பெயர்பெற்ற இவர்களின் தொளதொளத்த கால்சட்டையும் கறுப்புக் காலுறையும் நாடு முழுதும் பரவின. மிச்சிகன் பெயரிட்ட ஆடைகள் விற்றுத் தள்ளின. ஆடியவர்களுக்குச் சேர்ந்ததோ கல்விக் கட்டணமும் உணவும் தங்குமிடமும். 1992இலும் 1993இலும் இறுதியாட்டத்தில் தோற்றனர். இரண்டாம் ஆண்டோடு வெபர் வெளியேறி அவ்வாண்டின் தேர்வில் முதலிடம் பெற்றார். வெளியாள் ஒருவரிடம் பணம் பெற்றார் என்று பின்னாளில் தெரியவந்தபோது அந்த ஆண்டுகளின் சாதனைகள் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டன, அரங்கில் தொங்கிய பதாகைகள் இறக்கப்பட்டன. ஆடை விற்ற வருவாயைத் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் எவரும் கோரவில்லை.

1995 ஒரு திருப்பம். ராபின்சன் ஒப்பந்தம் கண்டு திகைத்த அணி உரிமையாளர்கள் புதுமுகங்களுக்கு ஊதிய அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தனர். எத்தனையாவது இடத்தில் தேர்வாகிறாரோ அதற்கேற்ப நிர்ணயிக்கப்பட்ட தொகை, மூன்றே ஆண்டுகள். இதன் நோக்கம் செலவைக் குறைப்பது. விளைவு வேறொன்றாயிற்று. பெரும்பணம் இனி முதல் ஒப்பந்தத்தில் இல்லை, இரண்டாவதில். அப்படியானால் முதல் ஒப்பந்தத்தின் கடிகாரம் எவ்வளவு முன்னதாக ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. கல்லூரியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடும் ஆண்டு. அதே 1995இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேரே மினசோட்டா அணிக்குச் சென்றார். 1997இல், 21 வயதில், ஆறாண்டுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அடுத்த ஆண்டு உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்ததற்கு அந்தத் தொகையும் ஒரு காரணம். 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ், 2004இல் ட்வைட் ஹாவர்ட் எனப் பள்ளி வாசலிலிருந்து நேர்ப்பாதை அகன்றது. இளைஞர்களின் பொறுமையின்மை என்று எழுதப்பட்டது, பெரும்பங்கு அந்த ஊதிய அட்டவணையின் கணிதம்.

2005இல் பாதை மீண்டும் அடைபட்டது. என்.பி.ஏ.வும் வீரர் சங்கமும் செய்த கூட்டுப் பேர ஒப்பந்தப்படி, தேர்வு நடக்கும் ஆண்டில் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளியில் படித்தவராயின் பள்ளிமுடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். ஹேவுட் வென்ற வழக்கு இங்கு ஏன் உதவவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி. விடை, அமெரிக்கக் கால்பந்து வீரர் மோரிஸ் கிளாரெட் 2004இல் தோற்ற வழக்கில் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அத்தீர்ப்பை எழுதியவர், இன்று உச்ச நீதிமன்றத்தில் உள்ள சோனியா சோட்டோமேயர். உரிமையாளர்கள் தாமாக விதித்தால் அது ஏகபோகச் சதி. தொழிற்சங்கத்தோடு பேரம் பேசி விதித்தால் அது தொழிலாளர் சட்டத்தின் நிழலில் வரும், ஏகபோகத் தடுப்புச் சட்டம் அதனைத் தீண்டாது. சட்ட அளவில் குறைகூற முடியாத வாதம். ஆனால் பேரத்தில் அமர்ந்த சங்கத்தில் 18 வயதுப் பள்ளி மாணவர் உறுப்பினரல்லர். அவர் உள்ளே வந்தால் வெளியேறப் போகும் மூத்த வீரர்தான் உறுப்பினர். தொழிற்சங்க வரலாறு படிப்பவர்களுக்கு இந்த முரண் புதிதன்று. டென்னிசிலும் கோல்ஃபிலும் பதின்வயதினர் தொழில்முறைக்கு வருவது குறித்துக் கவலைப்படாத நாடு, பேஸ்பால் அணிகள் பள்ளி மாணவர்களை நேரே எடுப்பதை ஏற்கும் நாடு, கூடைப்பந்தில் மட்டும் ஏன் வயதெல்லை கேட்கிறது என்று ஜெர்மெய்ன் ஓ'நீல் அவ்வாண்டே வெளிப்படையாகக் கேட்டார். இதில் நிறத்துக்குப் பங்கில்லையா என்றார். அவர் வாங்கிக்கொண்ட வசைகளில் அவர் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

(இந்திய வாசகர்களுக்காக ஓர் இடைச்செருகல்: 2015இல் டாலஸ் அணி 52ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங், கல்லூரியிலும் ஆடாமல், வெளிநாட்டுத் தொழில்முறை அணியிலும் ஆடாமல், ஃபுளோரிடாவின் ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து 19 வயதில் நேரே தேர்வானவர். என்.பி.ஏ. ஆட்டம் எதிலும் அவர் களமிறங்கவில்லை.)

இவ்வாறுதான் 'ஒன் அண்ட் டன்' பிறந்தது: ஓராண்டு, பின் விடைபெறல். இத்தொடர் அதற்குமுன் ஒரே ஆட்டத்தில் தோற்று வெளியேறும் அணிகளைக் குறித்தும் வழங்கியது. 2006க்குப் பின் ஒரு மனிதவகையின் பெயராயிற்று. அதன் முதல் அறுவடை 2007. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் இரண்டு வகைக் காலக்கணக்குகள் நேருக்கு நேர் நின்றன. ஒரு புறம் ஒஹாயோ ஸ்டேட் அணி, முதலாமாண்டு மாணவர் கிரெக் ஓடன் தலைமையில். மறுபுறம் ஃபுளோரிடா அணி. 2006இல் பட்டம் வென்ற பின் தொழில்முறைக்குப் போகாமல் கூடித் திரும்பிய ஜோகிம் நோவா, ஆல் ஹார்ஃபோர்ட், கோரி பிரூவர். திரும்பியவர்களே வென்றனர். ஓடன் தேர்வில் முதலிடம் பெற்றார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடி, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகளை வென்ற முதல் முதலாமாண்டு மாணவரான கெவின் டுரான்ட் இரண்டாமிடம், ஹார்ஃபோர்ட் மூன்றாமிடம்.

கதை இங்கு முடிந்திருந்தால் காத்திருத்தலின் பெருமையாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஓடனின் முழங்கால்கள் அதற்கு இடந்தரவில்லை. முதல் பருவம் முழுவதையும் அறுவைச் சிகிச்சையில் இழந்தார். அவருடைய என்.பி.ஏ. வாழ்வு மொத்தம் 105 ஆட்டங்கள். ஃபுளோரிடா வீரர்களைப் போல அவரும் ஓராண்டு கல்லூரியில் தங்கியிருந்து, அந்த ஓராண்டில் முழங்கால் முறிந்திருந்தால்? விசுவாசத்தைப் போற்றும் கட்டுரைகள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஓர் இளைஞரின் ஒரே முதலீடு அவருடைய உடல். அது எப்போது நொறுங்கும் என்பது அவருக்கும் தெரியாது.

விதி இருக்கும்வரை அதனை முழுமையாகப் பயன்படுத்துவதே நேர்மை என்று முடிவுசெய்தவர் பயிற்சியாளர் ஜான் காலிபரி. அவர் கென்டக்கியில் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே, 2010இல், அந்த ஒரே அணியிலிருந்து ஐவர் என்.பி.ஏ.வின் முதல் சுற்றில் தேர்வாயினர். 2012இல் பட்டம் வென்றார். அந்த இறுதியாட்டத்தில் முதலாமாண்டு மாணவர் ஆந்தனி டேவிஸ் எடுத்தது ஆறே புள்ளிகள். ஆயினும் 16 ரீபவுண்டுகளோடும் 6 தடுப்புகளோடும் போட்டியின் சிறந்த வீரரானார். அவ்வாண்டு தேர்வின் முதல் இரண்டு இடங்களும் கென்டக்கியின் முதலாமாண்டு மாணவர்களுக்கே. காலிபரியைப் பழித்தவர்கள் பலர். அவர் பாசாங்கு செய்யவில்லை என்பதே அவர்களுக்கு உறுத்தியது என்பது என் எண்ணம். 2015இல் டியூக் பல்கலைக்கழகமும் மூன்று முதலாமாண்டு மாணவர்களோடு பட்டம் வென்று, மூவரையும் உடனே வழியனுப்பியது. அதன்பின் பழிச்சொல் தணிந்தது. மதிப்புமிக்க நிறுவனம் செய்தால் வழக்கத்துக்கும் மதிப்பு வந்துவிடுகிறது.

படிப்பு என்ன ஆயிற்று? ஆகஸ்டில் சேர்ந்து, முதல் பருவத் தேர்வில் தகுதி இழக்காத அளவுக்குத் தேறினால் ஏப்ரல்வரை ஆடலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் போட்டி முடிகிறது. இரண்டாம் பருவத் தேர்வுக்கு உட்கார வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 2015–16இல் லூயிசியானா ஸ்டேட் அணிக்கு ஆடிய ஆஸ்திரேலியர் பென் சிம்மன்ஸ், கல்வித் தகுதி குறைந்ததால் வுடன் விருதுக்குப் பரிசீலிக்கப்படவே இல்லை. அவ்வாண்டின் என்.பி.ஏ. தேர்வில் முதலிடம் அவருக்கே. ஒப்பனைக்காகவேனும் வைத்திருந்த 'மாணவர்' என்ற அடைமொழி இங்கு முற்றிலும் உதிர்ந்துபோயிற்று. இதற்கு இளைஞரைக் குறைசொல்வது எளிது. வகுப்பறை வேண்டாம் என்றவரை வகுப்பறை வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று அனுப்பியது யார்?

பணம் ஆறாய் ஓடிக்கொண்டிருந்தது. என்.சி.ஏ.ஏ. போட்டியின் ஒளிபரப்புரிமைக்காக 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர். 2014இல் கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், பசியோடு உறங்கப்போன இரவுகள் உண்டு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். சில நாட்களுக்குள் உணவு வரம்பைத் தளர்த்தும் விதி ஒப்புதல் பெற்றது. 2019 பிப்ரவரி 20 அன்று டியூக் அணியின் சயான் வில்லியம்சன் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே காலணி பிளந்து சரிந்தார். அன்றிரவு நாடே கேட்டது ஒரு கேள்வி: இவர் ஏன் இன்னும் ஊதியமின்றி ஆடுகிறார்? முழங்கால் தேறியதும் அவர் மீண்டும் களமிறங்கினார். ஆட்டத்தின் மீது விருப்பம் இருந்தது. அதை எவரும் மறுக்கவில்லை. விருப்பம் இருப்பது ஊதியம் மறுப்பதற்குக் காரணமாகுமா என்பதுதான் வழக்கு. 'அமெச்சூர்' என்ற சொல்லின் இலத்தீன் வேர் நேசிப்பவன் என்று பொருள்படும். நேசிப்பவனுக்குக் கூலி வேண்டாம் என்பது அச்சொல்லின்மீது பின்னர் ஏற்றப்பட்ட சுமை.

அச்சுமையை நீதிமன்றங்கள் படிப்படியாக இறக்கின. 1995இல் யு.சி.எல்.ஏ.வுக்குப் பட்டம் வென்றுதந்த எட் ஓ'பானன், கணினி விளையாட்டு ஒன்றில் தன் உருவம் அனுமதியின்றி ஆடுவதைக் கண்டு 2009இல் தொடுத்த வழக்கு முதல் விரிசல். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பத்தாம் நாள், ஜூலை 1 முதல், மாணவர்கள் தம் பெயர், உருவம் ஆகியவற்றை விளம்பரத்துக்குத் தந்து பொருளீட்டலாம் என்றாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வழக்கறிஞர் ஜெனிஃபர் அப்ருசோ ஓர் அறிக்கை வெளியிட்டார்: பணியாளரான ஒருவரை 'ஸ்டூடன்ட் அத்லீட்' என்று அழைத்து அவருக்கு உரிமையில்லை என நம்பவைப்பதே சட்டமீறலாகக் கருதப்படலாம் என்பது அதன் சாரம். 1950களின் அந்தத் தொகைச்சொல்லைப் பெயரிட்டே குற்றஞ்சாட்டிய அரசு ஆவணம் இது. 2025 தொடக்கத்தில், ஆட்சி மாறியதும், அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்கில் சங்கம் அமைக்கத் தீர்மானித்த டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களின் முயற்சியும் அவ்வாண்டு இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூன் 6 அன்று ஏற்கப்பட்ட ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தம் வருவாயிலிருந்து முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர்வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று. பணம் வந்தது, 'பணியாளர்' என்ற சொல் இன்னும் வரவில்லை.

இதன் பின்புலத்தில் 2025இன் இரண்டு பெயர்களைப் பார்க்கலாம். கூப்பர் ஃபிளாக் மெய்ன் மாநிலத்தவர். பள்ளியை ஓராண்டு முன்னதாக முடித்து 17 வயதில் டியூக்கில் சேர்ந்தார். விளம்பர ஒப்பந்தங்களோடே ஆடினார். சிறந்த கல்லூரி வீரராகத் தேர்வானார். அரையிறுதியில் ஹூஸ்டனிடம் மூன்று புள்ளிகளில் தோற்றார். கல்லூரிக்குத் திரும்பி வர விருப்பமுண்டு என்று இடையே சொன்னவர், இறுதியில் புறப்பட்டார். ஜூன் மாதம் டாலஸ் அணி அவரை முதலிடத்தில் எடுத்தது. முதல் ஒப்பந்தம் நான்காண்டுகளில் ஆறு கோடி டாலருக்கு மேல். மற்றவர் பெய்ஜ் பூக்கர்ஸ். 2020–21இல் கனெக்டிகட் மகளிர் அணியில் முதலாமாண்டு மாணவியாகவே நாட்டின் சிறந்த வீராங்கனை விருதுகளை வென்றவர். மகளிர் தொழில்முறைக் கூட்டமைப்பின் விதி 22 வயதையோ, பட்டத்தையோ, பள்ளிமுடித்து நான்காண்டையோ கேட்கிறது. ஹேவுட் உடைத்த நான்காண்டுச் சுவர் அங்கே இன்னும் நிற்கிறது. அவர் கல்லூரியில் ஐந்தாண்டு இருந்தார், முழங்கால் காயத்தால் ஒரு பருவம் முழுவதையும் இழந்தார், 2025இல் தேசியப் பட்டம் வென்றார். அவ்வாண்டு ஏப்ரலில் அவரையும் முதலிடத்தில் எடுத்தது டாலஸ் நகர அணியே. மகளிர் ஆட்டத்தில் ஊதியம் குறைவு என்பதால் கல்லூரியிலிருந்து வெளியேறும் இழுவிசையும் குறைவு என்று இவ்விதிக்குச் சமாதானம் சொல்வார்கள். இழுவிசை குறைவென்றால் தடை எதற்கு?

ஆடவரிடையே இப்போது காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியிருக்கிறது. கல்லூரியிலேயே பொருளீட்டலாம் என்றானபின், காலத்துக்கு முன்பே என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் தேர்வாகக்கூடிய ஒருவருக்குக் கல்லூரியில் இருப்பதே கூடுதல் வருவாய் தருகிறது. பள்ளி முடித்தோரைக் கல்லூரிக்கு மாற்றாக ஈர்ப்பதற்கென்றே என்.பி.ஏ. 2020இல் தொடங்கிய ஜி லீக் இக்னைட் அணி 2024இல் மூடப்பட்டது. அங்கு ஊதியம் பெற்று ஆடிய சிலர், 2025இல் கல்லூரி அணிகளில் ஆடுவதற்கு அனுமதி பெற்றிருக்கிறார்கள். தொழில்முறையை முடித்துக்கொண்டு மாணவராகிறவர்கள்.